பாதித் தண்ணீர்

பூங்காவனத்தின் கிட்னி இரண்டும் செத்துப்போனது மாசி மாதத்தில். திரும்ப வந்தது வைகாசியில். வந்த இடம்தான் அவள் இடுப்பு இல்லை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். உப்புக்கார சந்தில் ஒருத்தரும் பிளக்கவில்லை. எதற்குப் பிளக்க வேண்டும்? எதிரே இருக்கிற கம்பெனியின் புகைபோக்கி என்ன கலரில் விடுகிறதோ அந்தக் கலருக்குக் கொடியில் காய்கிற வேட்டி மாறிவிடும், அடிபம்பை அடித்தால் ஒரு நாள் மஞ்சளாக, ஒரு நாள் சாம்பலாக, மழை விட்ட மறுநாள் வெற்றிலை எச்சில் கலரில் என்று தண்ணீர் வரும், மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் காலும் முகமும் வீங்கின ஆள் ஒருத்தர் கட்டிலில் கிடப்பார், இதற்கெல்லாம் அதிசயப்படாத சந்து, ஒரு மீன் ஒரு பொம்பளையின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினது என்றால் அதற்கு மட்டும் எதற்கு அதிசயப்பட வேண்டும்?

பூங்காவனத்தின் புருஷன் துலுக்காணம், மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன். சிமெண்டு, வாழைத்தார், கல்யாண வீட்டுப் பாத்திரம், எதைச் சொன்னாலும் ஏற்றுவான், மீனைத் தவிர. நல்ல உழைப்பாளி, கொஞ்சம் உதார் பார்ட்டி. பிள்ளைகுட்டி கிடையாது. அவனுக்கு இருந்த சொத்தெல்லாம் அந்த வண்டி, ஒரு பெண்டாட்டி, அந்தப் பெண்டாட்டியின் வாய். அது சாமானியப்பட்ட வாய் இல்லை, சாமி! லாரித் தண்ணீர் வரிசையில் பூங்காவனம் நிற்கிறாள் என்றால் ஒரு பயல் குறுக்கே குடம் வைக்க மாட்டான். துலுக்காணம் குடித்துவிட்டு வருகிற அன்று சந்து முனையில் இருக்கும்போதே அவள் குரல் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகும். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் அந்த வாய் அடங்கிப்போயிற்று. பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணி ஏற்றிவிட்டு, ஒரு சின்ன டம்ளரைக் காட்டி, நாள் பூராவுக்கும் இவ்வளவுதான் தண்ணீர் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அந்த டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை நனைத்து நனைத்து உட்கார்ந்திருப்பாள். அவனைத் திட்டக்கூட எச்சில் ஊறவில்லை. அந்த மௌனத்தை அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் உட்கார வைத்துக் கொளத்தூர் மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே கலர் மீன்களைப் பார்த்தால் கொஞ்சம் மனசு மாறுமே என்றுதான். நசீர் பாய் கடையில் கம்பி முழுக்கப் பிளாஸ்டிக் கவர்கள் தொங்கின. ஒவ்வொரு கவரிலும் ஒரு கை தண்ணீர், ஒரே ஒரு ஃபைட்டர் மீன். அதில் ஒன்று, அடர் சிவப்பு, வால் மட்டும் நீலம், பக்கத்துக் கவரில் இருந்ததைப் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு மொறைத்தது. பூங்காவனம் பல நாள் கழித்துச் சிரித்தாள்.

"யோவ், இத்த பாரேன். லாரிகிட்ட நான் நிக்கிற மாதிரியே நிக்கிது."

வாங்கிவிட்டான். வாங்கினவன் பாட்டிலில் போட்டு, அடிபம்புத் தண்ணீரை ஊற்றி, அலமாரியில் வைத்து மறந்தும் போனான். தண்ணீர் கலங்கி, மேலே ஆடை கட்டி, மீன் அடியில் போய்ச் சாய்ந்துவிட்டது. அந்த வாரம் பூங்காவனத்தின் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. அவளுக்கு மூச்சு வாங்கினதில் பயந்துபோய், ஆட்டோ வரும் வரை கையையும் காலையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், துலுக்காணம் அந்தப் பாட்டிலை எடுத்துப் பாதியைக் கொட்டி லாரித் தண்ணீர் மாற்றினான். ஏன் மாற்றினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்தது. கட்டிலில் இருந்த பூங்காவனமும் இழுத்தாள். பிறகு எழுந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு மறைப்புக்குள் போனாள், அங்கிருந்து அவள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுத் தேசம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யோவ்! எனுக்கு ஒண்ணுக்கு வருதுய்யா!"

மாசிக்கு அப்புறம் முதல் தடவை. துலுக்காணம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தேசம்மா வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னாள். சந்துக்கே அன்று காலை வயிறு குளிர்ந்துபோயிற்று. ஆட்டோக்காரர் வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

மறுநாளே துலுக்காணம் நசீர் பாயிடம் ஓடினான். பாய் முழுசும் கேட்டார். கேட்டுவிட்டு, மனுஷ ரத்தத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்று சொன்னார்.

"பாட்டில் வேணாம், கண்ணாடித் தொட்டி வாங்கிக்கோ. ஒரேடியா முழுத் தண்ணியும் மாத்திடாத துலுக்காணம், செத்துப்பூடும். பாதிய வச்சிகினு பாதிய மாத்து. பழைய தண்ணில அது உடம்பு பழகிக் கீது. புதுத் தண்ணிய ஒரு நாள் பூரா திறந்து வையி, மருந்து வாடை போவட்டும். ரொம்ப ஜில்லுன்னும் ஊத்தாத. சோப்பு கீப்பு கிட்டயே காட்டாத. இந்தா, பாதாம் இலை. காஞ்ச இலையா ஒண்ணு போட்டு வையி. தண்ணி டீ கலருக்குப் பூடும், பயப்படாத, அதுதான் அதுக்கு மருந்து."

அன்று முதல் துலுக்காணம் அப்படித்தான் செய்தான். பாதியை ஒரு பக்கெட்டில் எடுத்து வைப்பான், மீதியைக் கொட்டிவிட்டு, அடியில் இருக்கிற அழுக்கை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து, ஆறப்போட்ட தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தில், பழைய பாதியோடு சேர்த்து ஊற்றுவான். டீ கலர் தண்ணீரில் சிவப்பு மீன் வாலை விரித்துக்கொண்டு மிதக்கும். பூங்காவனம் சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, கழுத்தெல்லாம் வழிய, கண்ணை மூடிக்கொண்டு மடக்கு மடக்கென்று குடிப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே அவன் சவாரியை விட்டுவிட்டு வந்த நாள் உண்டு.

இனி சந்து இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும், மீன் செய்ததைவிட அதுதான் பெரிய கதை. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார், அதையும் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, மீனை நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கு வெளியே இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். வீடு வீடாகக் கொசுப் புழு பார்க்க வருகிற மனிதர், எந்தக் குடத்தில் புழு இருந்தாலும் கவிழ்த்துவிட்டுப் போகிறவர், துலுக்காணம் வீட்டு வாசலில் உடைந்த பானை ஒன்றை மட்டும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார். அதில் நெளிந்த புழுதான் ஃபைட்டருக்குச் சாப்பாடு. கவுன்சிலர் பேனர் வைத்தார். பேனரில் அவர் படம் பெரிதாகவும், மீன் படம் அதைவிடச் சின்னதாகவும், பூங்காவனத்தின் படம் ஸ்டாம்பு அளவுக்கும் இருந்தது. அம்மன் கோயில் பூசாரி மீனுக்குச் சிவப்பு நூல் கட்ட முடியாதே என்று யோசித்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். பூங்காவனத்தைப் பார்க்கிறவர்கள், "நல்லாக்கீறியா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "தண்ணி மாத்தியாச்சா" என்று கேட்கத் தொடங்கினார்கள். எந்த வீட்டில் வீங்கின ஆள் கிடந்தாரோ அந்த வீட்டுக்காரர்களெல்லாம் கொளத்தூருக்குப் போனார்கள், நசீர் பாய் கடைக் கம்பி காலியாயிற்று, சந்து முழுக்க அலமாரிகளில் பாட்டில் பாட்டிலாகச் சிவப்பும் நீலமும் பச்சையும் மொறைத்துக்கொண்டு நின்றன. சில வீட்டில் பலித்தது. சில வீட்டில் மீன் சும்மா மீனாகவே இருந்து செத்தது, ஆளும் செத்தார். அதற்கு என்ன காரணம் என்று யாரும் ஆராயவில்லை, கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று எடுத்துப் புதைத்தார்கள்.

தேசம்மாவுக்குத் தீபாவளிக்கு முன்னால் பலித்தது. அவள் புருஷன் முனிரத்தினம், அந்தக் கம்பெனியில் தொட்டி கழுவப் போய் உடம்பைத் தொலைத்தவன், ஒரு பச்சை ஃபைட்டர் வந்த பிறகு செருப்பு மாட்டிக்கொண்டு டீக்கடை வரை நடந்தான். தேசம்மா அன்று பூங்காவனத்தின் காலில் விழுந்தாள்.

"த்தூ, எந்திரிம்மே, மீனு கால்ல போய் வுழு," என்றாள் பூங்காவனம்.

ஆமாம், வாய் திரும்பிவிட்டது. முழுசாகத் திரும்பிவிட்டது. கண்ணாடியைக் காட்டினால் ஃபைட்டர் தன்னையே எதிரி என்று நினைத்துச் செவுளை விரித்துக்கொண்டு பாயும் இல்லையா, அந்த நேரத்தில் பூங்காவனத்துக்கும் எங்கிருந்தோ ஒரு கோபம் ஏறி, எதிரில் யார் இருந்தாலும் பிடித்து வாங்கிவிடுவாள். அதனால் அந்த வீட்டுக்குள் யாரும் கண்ணாடி கொண்டுவரக் கூடாது என்று சந்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆனால் சவரம் பண்ணுகிற சின்னக் கண்ணாடி ஒன்றைத் துலுக்காணம் சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்தான். ஆசை வருகிற அன்று, அவள் கீரை ஆய்ந்துகொண்டு இருக்கும்போது, தொட்டிக்கு நேரே ஒரு நொடி காட்டிவிட்டு மறைத்துக்கொள்வான்.

"எங்கடா போய் சுத்திட்டு வர்ற பொறம்போக்கு! ஊடுன்னு ஒண்ணு கீதுன்னு நெனப்பு கீதா உனுக்கு!"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொள்வான். மாசி மாதத்து மௌனத்தைக் கேட்டவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

இப்போது அவன் பண்ணின தப்புக்கு வருவோம். பெரிய தப்பு என்று அவன் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மீன் பலித்த மறு மாதமே, ஆனியில், லாரி வருவது குறைந்தது, ஆடியில் எப்போது வரும் என்பதே தெரியாமல் போயிற்று. வருகிற தண்ணீரை வீட்டுக்கு இத்தனை குடம் என்று பெண்கள் கூடி முறை வைத்துக்கொண்டார்கள். பூங்காவனம் உயிர் அந்தத் தண்ணீரில் இருக்கிறது, ஆகவே எந்த வீட்டு முறையாக இருந்தாலும் முதலில் அவள் மீனுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றது என்று தேசம்மா எழுந்து நின்று சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். எந்தப் பெண்ணும் முகத்தைச் சுளிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும், வீட்டில் குழந்தைக்குக் கால் கழுவத் தண்ணீர் இல்லாத நாள் அது.

"எவ்ளோ வேணும்ணா மீனுக்கு?" என்று கேட்டார்கள்.

ஒரு குடம் போதும். பாதித் தொட்டிக்கு ஒரு குடமே அதிகம். துலுக்காணம் வாயைத் திறந்தான். அப்போது பூங்காவனம் வாசற்படியில் உட்கார்ந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிச் சிக்குப் பிடித்த தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. மடியில் டம்ளரை வைத்துக்கொண்டு இருந்தவள் தலையாவது நனையட்டுமே என்று நினைத்தான் அவன்.

"ரெண்டு குடம். தொட்டி முழுசும் மாத்தணும். ஒரு சொட்டு பழைய தண்ணி நிக்கக் கூடாது, நின்னா வெசம்," என்றான். உதார் பார்ட்டி என்று முன்னாலேயே சொன்னேனே, வேண்டாததையும் சேர்த்துச் சொன்னான்.

அப்படியே வந்தது இரண்டு குடம், லாரி வந்த போதெல்லாம். ஒன்று தொட்டிக்கு. மற்றொன்றைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளை முக்காலியில் உட்கார வைத்து, சீயக்காய் தேய்த்து, அவனே தலைக்கு ஊற்றுவான். அவளுக்குத் தெரியும். முதல் நாள் கேட்டாள், அவன் சொன்னான், அவள் குனிந்து தலையைக் காட்டினாள். ஈரத்தலையோடு வெளியே வந்தால் தெரிந்துபோகும் என்று காய்கிற வரை உள்ளேயே இருப்பாள். மழை வந்து தண்ணீர்க் கஷ்டம் கொஞ்சம் குறைந்த பிறகும் அவன் வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான், நசீர் பாய் எதைச் சொல்லியிருந்தாலும் முதலில் பலித்த வீட்டுக்காரன் சொன்னதுதான் சட்டம், சந்தில் எல்லோருக்கும் ஃபைட்டர் என்றால் முழுத் தண்ணீரும் மாற்ற வேண்டும். ஆனால் மற்ற வீடுகளில் அவ்வளவு தண்ணீர் ஏது? அவர்கள் கிடைத்த அரைச் சொம்பு, ஒரு சொம்பை ஊற்றிக்கொண்டு, மீனுக்குப் போதவில்லையே என்று பாவம்போல வருத்தப்பட்டார்கள். அந்த ஏழ்மையில்தான் அவர்கள் வீட்டு மீன்கள் பிழைத்தன.

மார்கழி முடிந்தது. போகி வந்தது. சந்தில் போகி என்றால் விடிகிறதற்கு முன்னாலேயே பழைய பாய், கிழிந்த முறம், சைக்கிள் டயர் எல்லாம் எரியும், புகையில் எதிர் வீடு தெரியாது, அதன் பிறகு ஒவ்வொரு வீட்டையும் கூரை முதல் தரை வரை கழுவித் தள்ளுவார்கள். பழையது ஒன்று வீட்டில் தங்கினாலும் தை பிறக்காது என்பது போலக் கழுவுவார்கள். துலுக்காணத்துக்கு அன்று கரும்பும் பானையும் ஏற்றுகிற சவாரி, வருஷத்திலேயே கால் ஓய்கிற நாள், இருட்டோடு கிளம்பிவிட்டான். பூங்காவனத்துக்குப் புகை ஆகாது. தேசம்மா வந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தன் வீட்டு உள்ளறையில் படுக்க வைத்து, மூக்கில் ஈரத்துணியைக் கட்டி, சன்னலைச் சாத்தினாள்.

"நீ தூங்கு யக்கா. உன் ஊட்ட நாங்க பாத்துக்கிறோம்."

சந்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தங்கள் வீட்டை விட்டுவிட்டு முதலில் பூங்காவனத்தின் வீட்டைக் கழுவினார்கள். ஒட்டடை அடித்தார்கள், சுண்ணாம்பு பூசினார்கள், பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தார்கள், வாசலில் செம்மண் இட்டார்கள். கடைசியில் தொட்டிக்கு வந்தார்கள். இருட்டு அலமாரியில் இருந்த தொட்டியை முதல் தடவை கிட்டத்தில் பார்த்துத் தேசம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் டீ கலரில் இருந்தது. அடியில் ஓர் இலை அழுகிக் கிடந்தது. கண்ணாடியில் பாசி.

"அய்யோ, இந்த மனுசன் சவாரி சவாரின்னு ஓடி மீன கவனிக்காம வுட்டுட்டாரே! இதுல எப்டிடி அக்கா உயிரோட கீது?"

எல்லோரும் பதறிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தொட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து, மீனை ஒரு சொம்பில் பிடித்துப் போட்டு, அந்த டீத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் சாக்கடையில் கொட்டினார்கள். சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் மூலை மூலையாகத் தேய்த்தார்கள். கண்ணாடி பளிச்சென்று ஆகிற வரை தேய்த்தார்கள். சாதாரணத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிக் காசு சேர்த்துக் கடையில் கேன் தண்ணீர் வாங்கி, ராத்திரிப் பனியில் கிடந்து ஜில்லென்று இருந்ததை அப்படியே நிரப்பி, மீனை விட்டார்கள். சிவப்பு மீன் அந்தத் தெளிவில் மாணிக்கக் கல்லாக மின்னியது. பெண்கள் கைதட்டினார்கள். தேசம்மா திருஷ்டி கழித்தாள். இவ்வளவும் அன்பில் செய்தது. அவர்கள் செய்ததில் அன்பு இல்லாத வேலை ஒன்றுகூட இல்லை, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உள்ளறையில் பூங்காவனம் எழுந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் எரிகிறது என்றாள். பிறகு குளிர்கிறது என்றாள். பல் கிட்டித்துக்கொண்டது. புகைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று விசிறினார்கள், கம்பளி போர்த்தினார்கள், யாரோ ஓடிப்போய்த் துலுக்காணத்தை மார்க்கெட்டில் பிடித்தார்கள். அவன் கரும்புக் கட்டுகளைச் சாலையிலேயே சரித்துவிட்டு, வெறும் வண்டியை மிதித்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுண்ணாம்பு வாடை அடித்தது. அலமாரியில் தொட்டி பளிங்காக இருந்தது. மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது, செவுள் மட்டும் எப்போதாவது ஒரு தடவை திறந்தது.

"நல்லா தேச்சிக் கழுவினோம்ணா," என்றாள் தேசம்மா, பின்னாலேயே வந்து. புடவையெல்லாம் ஈரம், முழங்கை வரை சுண்ணாம்பு, முகத்தில் அவ்வளவு பெருமை. "ஒரு சொட்டு பழைய தண்ணி நிக்கல."

அவன் அவளைப் பார்த்தான். கத்த வேண்டும் போலிருந்தது. அவளை அல்ல, தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சாக்கடைக்கு ஓடினான். குனிந்து பார்த்தான். கறுப்புத் தண்ணீரில் பாதாம் இலை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய தண்ணீர் ஒரு கை கிடைத்தாலும் போதும் என்று தேடினான், பக்கெட்டில் தேடினான், வாசல் குழியில் தேடினான், எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தார்கள். நசீர் பாயிடம் பழைய தண்ணீர் வாங்கிவரலாம் என்று வண்டியில் ஏறினவனைப் பூங்காவனத்தின் குரல் நிறுத்தியது. பெரிய குரல் இல்லை. ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

"எங்கியும் போவாத. இங்க வா."

போனான். உள்ளறையில் விசிறிக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினான். அவள் கையைப் பிடித்தபோது அது கேன் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது.

"முழுசா ஊத்திட்டாளுங்களா?"

அவன் தலையாட்டினான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "நான்தான்டி சொன்னேன். நான்தான் பொய்யி சொன்னேன். உன்ன நானே கொன்னுட்டேன் பூங்கா."

"அந்தத் தண்ணிய நீயா தலைக்கு ஊத்திகின? நான்தான ஊத்திகினேன்." மூச்சு விட்டுக்கொண்டாள். "சொகமா இருந்திச்சிய்யா. அத்த எதுக்கு இல்லன்னு சொல்றது."

"பூங்கா..."

"இத்த கேளு. அவளுங்ககிட்ட சொல்லிடாத. புகை ஒத்துக்கலன்னு சொல்லு. தேசம்மா பாவம், தெரிஞ்சா சோறு துன்ன மாட்டா. தல மேல அடிச்சி சொல்லு."

அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். ஒரு தடவை திட்டுடி, ஒரே ஒரு தடவை என்று அவன் கெஞ்சினான். அவளுக்கு முடியவில்லை. ஆட்டோ சந்துக்குள் திரும்புவதற்குள் மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது.

பொங்கல் அன்று சந்தில் ஒரு பானையும் பொங்கவில்லை. தாரை தப்பட்டையோடு எடுத்தார்கள், தொட்டியையும் மீனையும் அவளோடு வைத்துப் புதைத்தார்கள். போகிப் புகை, போகிப் புகை என்று எல்லோரும் டயரைத் திட்டினார்கள். அடுத்த வருஷம் இந்தச் சந்தில் ஒருத்தன் டயர் எரிக்கட்டும் பார்க்கலாம் என்று பூசாரி சாமி வந்து ஆடினார். துலுக்காணம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தேசம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுததுபோல தன்னைப் பெற்ற தாய்க்குக்கூட அழுதிருக்க மாட்டாள். துலுக்காணம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே, சொல்லிவிடாதே சொல்லிவிடாதே என்று தன் பல்லைத் தானே கடித்துக்கொண்டு நின்றான்.

பால் ஊற்றி முடித்துப் பெண்கள் திரும்ப வரும்போதே ஒரு விஷயம் பேசி முடிவாகியிருந்தது. பூங்காவனத்தின் மீனுக்கு என்று எடுத்து வைத்த இரண்டு குடம் இருக்கிறதே, அதை இனி யாருக்குக் கொடுப்பது? அவள் உயிரோடு இருந்தால் தேசம்மாவுக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருப்பாள் என்றார்கள். முனிரத்தினம் பிழைக்கட்டும். தேசம்மாவுக்குப் பிறகு அதே லாரியில் அடுத்தடுத்த வீடு, பலித்த வீட்டு மீனுக்கெல்லாம் முறை வைத்துக் கொடுப்போம் என்றார்கள். அக்கா பேரைச் சொல்லி எல்லா மீனும் நல்ல தண்ணீரைப் பார்க்கட்டும் என்று ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்.

துலுக்காணம் வீட்டுக்குள் படுத்துக் கிடந்ததால் இது எதுவும் அவன் காதில் விழவில்லை.

பண்டிகை முடிந்து லாரி வந்தது. ஹாரன் கேட்டு, பழக்கத்தில் எழுந்து குடத்தைக் கையில் எடுத்தவன், எதற்கு எடுத்தோம் என்று நினைவு வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். பக்கத்து வீட்டு வாசலில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் இரண்டு குடம் தளும்பத் தளும்ப இருந்தது. சொம்புக்குள் பச்சை மீன். மடியில் தன் வீட்டுப் பாட்டிலை வைத்துக்கொண்டு, சாக்கடைப் பக்கம் சாய்த்தாள். கையில் தேங்காய் நார். காலடியில் சோப்புத்தூள். பாட்டிலின் கழுத்திலிருந்து பழைய தண்ணீர் நூலாக விழத் தொடங்கியது.

உள்ளே முனிரத்தினம் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

துலுக்காணத்தின் கையிலிருந்து குடம் விழுந்தது. ஓடிப்போய்ப் பாட்டிலைப் பிடித்து நிமிர்த்தினான்.

"பாதிய வச்சிடும்மே."

"இன்னாண்ணா?"

"முழுசா ஊத்தாத. பாதி பழைய தண்ணி வேணும். சோப்பு போடாத. இத்த ஒரு நாள் ஆறப் போட்டு, அப்பறம் ஊத்து."

தேசம்மா அவனை ஒன்றும் புரியாமல் பார்த்தாள். "நீதான சொன்ன? ஒரு சொட்டு நிக்கக் கூடாதுன்னு, நின்னா வெசம்னு?"

"பொய்யி சொன்னேன்."

"எதுக்கு?"

"ரெண்டு குடம் வேணும்னு. அவளுக்குத் தலைக்கு ஊத்த."

பாட்டிலை இருவருமே பிடித்துக்கொண்டிருந்தார்கள். தேசம்மா அதில் பாதிக்குமேல் மீதம் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். கையில் இருந்த தேங்காய் நாரைப் பார்த்தாள். காலடியில் இருந்த சோப்புத்தூளைக் காலால் தள்ளிவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அக்காவுக்குத் தெரிமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"தெரியும்."

"இன்னா சொல்லிச்சி?"

"உங்கிட்ட சொல்லாதன்னு சொல்லிச்சி."

தேசம்மா அந்தப் பாட்டிலை ரொம்ப மெதுவாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், திண்டின் மேல் வைத்தாள். பிறகு எழுந்து அவனை அடித்தாள். கன்னத்தில் அடித்தாள், மார்பில் அடித்தாள், ஏண்டா சொன்ன என்று அடித்தாள், அன்னிக்கே ஏண்டா சொல்லல என்று அடித்தாள், அடிக்கிற கையை நிறுத்திவிட்டு அந்தக் கையைத் தன் வாயில் திணித்துக்கொண்டு கடித்தாள். துலுக்காணம் நகரவில்லை. லாரியிடமிருந்து மற்ற பெண்கள் நிறைகுடங்களைச் சுமந்துகொண்டு, முறைத் தண்ணீர் வந்துவிட்டதென்று ஒருத்திக்கொருத்தி குரல் கொடுத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியும் தன் வீட்டு மீனை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி விடாமல் அன்றைக்குத் தொட்டியைத் தேய்த்தவர்கள். துலுக்காணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தின் குறுக்கே போய், இரண்டு கையையும் விரித்து நின்றான்.